கியாத்திசக் என்னும் கால்பந்தாட்ட வீரர்

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் தாய்லாந்துக் கால்பந்தாட்டக்காரர் ஒருவருக்கு என்ன வேலை என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். எங்கள் எறிபந்துக் குழுவில் ஆடுகளத்தில் இறங்குவோர் எழுவர்தாம். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே அமர்ந்து, தண்ணீர்க் குவளையை நீட்டுவதும் கைதட்டுவதுமாக மாலைப் பொழுதைக் கழிப்பவர்கள். இக்கட்டுரையை எழுதும் நாங்கள் அந்த மற்றவர்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே, தம் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரராக இருந்தும் ஓர் ஆண்டு முழுவதும் வெளியே அமர்த்தப்பட்ட ஒருவரைப் பற்றிப் படித்தபோது, எங்களுக்கு அக்கறை பிறந்ததில் வியப்பில்லை.

அவர் பெயர் கியாத்திசக் சேனாமுவாங். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். தாய் மொழியில் வடசொற்கள் மிகுதி. ‘கியாத்தி’ என்பது நம் ‘கீர்த்தி’; ‘சக்’ என்பது ‘சக்தி’; ‘சேனா’ என்பது சேனையேதான். ‘முவாங்’ மட்டும் அவர்களுடைய சொந்தச் சொல். ஊர், நாடு என்று பொருள்படும். இவர் 1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வடகிழக்குத் தாய்லாந்திலுள்ள உடோன் தானியில் பிறந்தார். பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சீக்கோவின் பெயரையே செல்லப் பெயராகச் சூட்டி, தாய்லாந்து மக்கள் இவரையும் ‘சீக்கோ’ என்றே அழைக்கின்றனர். கோல் அடித்ததும் களத்திலேயே குட்டிக்கரணம் அடிப்பது இவர் வழக்கம். சிறுவர்கள் அதைக் காண்பதற்கென்றே ஆட்டம் பார்த்தார்கள் என்றால் நாங்கள் நம்புவோம்.

இவர் முன்னணி ஆட்டக்காரர், அதாவது கோல் அடிப்பதே பணி. நாட்டுக்காக 134 ஆட்டங்களில் 71 கோல்கள். தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 1993, 1995, 1997, 1999 என நான்கு முறை தங்கப் பதக்கம். அப்பகுதி நாடுகளின் வெற்றிக்கோப்பை முதன்முதலாக 1996இல் சிங்கப்பூரில் நடந்தபோது (அன்று அதற்கு டைகர் கோப்பை என்று பெயர்), இறுதி ஆட்டத்தில் மலேசியாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் இவருடையது. 2000, 2002 ஆகிய ஆண்டுகளிலும் அக்கோப்பை தாய்லாந்துக்கே வந்தது.

இவற்றையெல்லாம் விட 1998ஆம் ஆண்டு டிசம்பரில், பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நடந்த காலிறுதியைத்தான் அந்நாட்டார் பெரிதாகச் சொல்கிறார்கள். எதிரணி வலிமை மிக்க தென்கொரியா. கியாத்திசக் முதல் கோலை அடித்தார். கொரியா சமன் செய்தது. தாய்லாந்து ஆட்டக்காரர் இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பதினொருவர் ஒன்பதின்மர் ஆயினர். கூடுதல் நேரத்தில் முதலில் கோல் அடிப்பவர் வென்றார் என்பது அக்கால விதி. அந்தப் ‘பொன் கோலை’ அடித்தவர் தவட்சாய் என்னும் வீரர். ஒன்பது பேர் பதினொரு பேரை வென்றனர்!

அடுத்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் என்னும் கழகம். அந்நாட்டின் இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. தாய்லாந்து முழுவதும் பெருமை பொங்கிற்று. நடந்தது என்ன? முதல் அணிக்காக ஒரு போட்டியில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. சொந்த நாட்டில் தெருவில் நடக்க முடியாத அளவுக்குப் புகழ் பெற்றவர், குளிர் மிகுந்த அந்த வட இங்கிலாந்து நகரில் தம் முறை வருமென்று காத்திருந்து திரும்பினார். இதை அவருடைய தோல்வி என்று எழுதுவோர் உண்டு. எங்களுக்கு அது அவ்வளவு எளிய கணக்காகத் தோன்றவில்லை. ஆட விடாத ஒருவரின் ஆட்டத்தை எப்படி அளப்பது?

திரும்பியவர் சிங்கப்பூரில் ஆயுதப் படை அணிக்காக ஆடினார். 2002இல் வியட்நாமின் மத்திய மேட்டு நிலத்திலுள்ள பிளேக்கு நகருக்குச் சென்றார். காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. அங்குள்ள ஹோவாங் ஆன் யா லாய் அணி அப்போது முதல் நிலைப் பிரிவில்கூட இல்லை. இத்தனை பெரிய வீரர் அங்கே எதற்குப் போகிறார் என்று பலர் புருவம் உயர்த்தினர். அந்த அணி மேல் பிரிவுக்கு ஏறியது. 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வியட்நாமின் சாம்பியன் ஆயிற்று. ஆடிக்கொண்டிருந்தபோதே, 2006இல், அதே அணிக்குப் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார்.

இனி அவருடைய இரண்டாம் வாழ்வைப் பார்ப்போம். 2013 ஜூன் திங்களில், தேசிய அணிக்கு இடைக்காலப் பயிற்சியாளராக ஓர் இளம் குழுவை அழைத்துக்கொண்டு சீனாவின் ஹெஃபே நகருக்குச் சென்றார். சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 5-1 என்று வென்று வந்தார்கள். சீன அணியின் ஸ்பானியப் பயிற்சியாளர் அதன்பின் பதவி இழந்தார். 2009, 2011 தென்கிழக்காசியப் போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்த தாய்லாந்து, அவ்வாண்டு டிசம்பரில் மியான்மரில் மீண்டும் தங்கம் வென்றது.

அவர் கற்பித்த ஆட்டமுறை என்ன? உயரமும் உடல் வலிமையும் உள்ளவர்களுக்கு எதிராகப் பந்தை உயரத் தூக்கி அடித்தால், தலையால் முட்டி எடுப்பவர் உயரமானவரே. ஆகவே பந்தைத் தரையோடு வைத்து, பக்கத்தில் நிற்பவருக்குக் குறுகிய தூரத்தில் தட்டிக் கொடு. கொடுத்த உடனே வெற்றிடத்துக்கு ஓடு. மூவர் முக்கோணமாக நின்றால், பந்து வைத்திருப்பவருக்கு எப்போதும் இரண்டு வழிகள் இருக்கும். எவ்வளவு விரைவாக ஓடுபவரும் பந்தின் வேகத்தை முந்த முடியாது அல்லவா? இந்த முறைக்கு ஏற்றவராக அவர் முன்னிறுத்தியவர் சனாதிப் சொங்க்ராசின். உயரம் 158 சென்டிமீட்டர். எங்கள் வகுப்பில் இவரைவிட உயரமான தோழியர் பலர் உள்ளனர்!

2014 டிசம்பரில் தென்கிழக்காசியக் கோப்பையின் இறுதிச் சுற்று, மீண்டும் மலேசியாவுடன். இதில் ஊருக்கு ஓர் ஆட்டமாக இரண்டு ஆட்டங்கள். கோல்களைக் கூட்டிப் பார்த்து வெற்றியை முடிவு செய்வார்கள். பாங்காக்கில் தாய்லாந்து 2-0. கோலாலம்பூரிலோ மலேசியா அடுத்தடுத்து மூன்று கோல்கள் அடித்துவிட்டது. கூட்டினால் 3-2 என மலேசியா முன்னணியில்; அரங்கம் முழுவதும் மலேசியருடைய ஆரவாரம். தாய்லாந்து இளைஞர்கள் அப்போதும் பந்தைக் கண்டபடி உதைக்கவில்லை. 82ஆம் நிமிடத்தில் சாரில் ஷப்புயி ஒரு கோல். 87ஆம் நிமிடத்தில் அந்தச் சனாதிப் ஒரு கோல். மொத்தம் 4-3. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அக்கோப்பையை வென்ற முதல் மனிதர் கியாத்திசக். 2016இலும் இந்தோனேசியாவை வென்று கோப்பையைத் தக்கவைத்தார்.

இவ்விடத்தில் பெண்களாகிய நாம் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். தாய்லாந்து ஆண்கள் உலகக் கோப்பையின் இறுதிக் கட்டப் போட்டிகளை இதுவரை எட்டியதில்லை. பெண்களோ 2015இல் கனடாவுக்கும் 2019இல் பிரான்சுக்கும் சென்று ஆடிவிட்டனர். அவர்களுக்குப் பயிற்சியளித்தவரும் ஒரு பெண்மணியே. 2015இல் ஐவரி கோஸ்டை 3-2 என வென்றனர். 2019இல் அமெரிக்காவிடம் 13-0 என்று தோற்றனர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கியாத்திசக்கின் கதையிலும் அந்த மறுபக்கம் உண்டு. 2018 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிப் போட்டியில் அவருடைய அணி கடைசிச் சுற்றுவரை ஏறியது. அங்கே காத்திருந்தவர்கள் ஜப்பான், ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, ஈராக், ஐக்கிய அரபு அமீரகம். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு தோல்வி. ஆஸ்திரேலியாவுடன் 2-2 என்று சமன் செய்த ஆட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம். 2017 மார்ச்சில் ஜப்பானில் 4-0 என்று தோற்ற சில நாட்களில் அவர் பதவி விலகினார். மூன்றே திங்களுக்கு முன் அவரைக் கொண்டாடிய நாடு அது.

எங்கள் குழுவில் இதுபற்றி வாதம் நடந்தது. ‘ஏழு ஆட்டத்தில் ஒரு புள்ளி என்றால் விலகியது சரிதான்’ என்றாள் ஒருத்தி. ‘பதினைந்து ஆண்டுகளாக எட்ட முடியாத சுற்றுக்கு அழைத்துச் சென்றவரே அவர்தானே’ என்றாள் மற்றொருத்தி. இருவரும் மாற்று ஆட்டக்காரிகளே. வாதம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

2021இல் அவர் மீண்டும் பிளேக்குவுக்கே, தம் பழைய அணிக்கே பயிற்சியாளராகச் சென்றார். அவ்வாண்டு அந்த அணி புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அப்போது கொரோனா நோய் பரவியதால் போட்டித் தொடரைப் பாதியிலேயே கைவிட்டனர். பட்டம் யாருக்கும் வழங்கப்படவில்லை.