பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? - செவிலியர் பதிவைச் சரிபார்த்தலும் புதுப்பித்தலும்



நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்தாகவும் கட்டிலாகவும் ஆம்புலன்சுக்கு டீசலாகவும் மாறுவதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனால் நோயாளிக்கு ஊசி போடும் கை யாருடையது, அந்தக் கைக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்பதைப் பலர் கேட்பதில்லை. மருத்துவமனை ஊழியத்தைத் தாங்குகிற நாம் இதை அறிந்திருப்பது அவசியம். ஆகவே இம்மாதப் பாடமாகச் செவிலியர் பதிவேட்டைப் பற்றி எழுதுகிறோம். பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் வாலிபர் கூட்டத்திலும் வாசித்துக் கலந்து பேசத்தக்கதாக இதைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறோம்.

1. பதிவேடு எப்படி வந்தது?

ஒரு காலத்தில் வெள்ளைச் சீருடை அணிந்த எவரும் தம்மை நர்சு என்று சொல்லிக்கொள்ளலாம். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளிக்குத் தெரிய வழியே இல்லை. இதை மாற்ற இங்கிலாந்தில் எத்தெல் கார்டன் ஃபென்விக் அம்மையார் 1887 முதல் போராடினார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோ இதை எதிர்த்தார். தேர்வு எழுதிப் பெயர் பதிவதனால் ஒருவருடைய குணத்தை அறிய முடியாது என்பது அவர் கருத்து. இரு பக்கத்திலும் உண்மை இருந்தது என்பதை இப்பாடத்தின் முடிவில் காண்போம்.

உலகிலேயே முதன்முதலாகச் செவிலியருக்கென்று தனிப் பதிவுச் சட்டம் இயற்றிய நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. பிரிட்டன் 1919ல் அதைப் பின்பற்றியது. நம் சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டு செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் வந்தது. இன்று சென்னையில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அந்தச் சட்டத்தின் வழியாகவே வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டும் என்று 1947ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பதிலாக 2023ல் தேசிய நர்சிங் மற்றும் தாதியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இப்புதிய சட்டமும் தேசியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு என்ற இரண்டையும் வற்புறுத்துகிறது.

இந்த வரலாற்றில் மிஷன் மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. துணைச் செவிலியர், அதாவது ஏ.என்.எம். பயிற்சி இந்தியாவில் 1951ல் முதலாவதாகத் தொடங்கியது பஞ்சாப் மாநிலம் தரன் தாரனிலுள்ள செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில்தான். இன்று கிராமந்தோறும் தடுப்பூசிப் பெட்டியுடன் நடந்து செல்லும் சகோதரிகள் அந்தப் பயிற்சியின் வழி வந்தவர்கள்.

2. மலைநாட்டில் இதன் அவசியம்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் பைக்காரா இருக்கிறது. 1932ல் தொடங்கிய மின் உற்பத்தி நிலையத்தாலும், அணையாலும், அருவியாலும் பலருக்கு அவ்வூரின் பெயர் தெரியும். அங்கே மின்வாரியக் குடியிருப்புகள், சுற்றிலும் தோடர் மந்துகள், அப்பால் நடுவட்டம் பக்கம் தேயிலைத் தோட்டங்கள். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கி மரம் சாய்ந்துவிட்டால் உதகைக்கும் போக முடியாது, கூடலூருக்கும் போக முடியாது. அப்படிப்பட்ட இரவில் பிரசவ வலி எடுத்தால் முதலில் கதவைத் தட்டுவது அருகிலுள்ள நர்சம்மா வீட்டைத்தான்.

இந்தக் காரணத்தினாலேயே சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்று அரசு அளவு வைத்திருக்கிறது. தோட்டங்களில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. அதனால் டிஸ்பென்சரியும் கம்பவுண்டரும் நர்சம்மாவும் தோட்ட வாழ்க்கையின் பகுதியானார்கள்.

டாக்டர் பக்கத்தில் இருக்கும் நகரத்தில் ஒரு செவிலியர் தவறினால் திருத்த ஆள் உண்டு. மலையில் அவரே முதல் ஆள். பல வேளைகளில் அவரே கடைசி ஆளும். ஆகவே அவர் உண்மையாகவே பயிற்சி பெற்றவர்தானா, அந்தப் பயிற்சி இன்றளவும் புதிதாயிருக்கிறதா என்ற கேள்வி இங்கே உயிரைப் பற்றிய கேள்வியாகிறது.

3. சரிபார்ப்பது எப்படி?

ஒரு சகோதரி வேலை கேட்டு வரும்போது கையில் ஒரு கோப்பு கொண்டுவருகிறார். அதில் மூன்று விதமான தாள்கள் இருக்கும். முதலாவது, பள்ளி கொடுத்த படிப்பு முடித்த சான்று. இரண்டாவது, தேர்வில் தேறிய சான்று. மூன்றாவது, மாநிலக் குழுமம் கொடுத்த பதிவுச் சான்று. முதல் இரண்டும் அவர் படித்தார் என்று சொல்லும். மூன்றாவது மட்டுமே அவர் செவிலியராகப் பணி செய்யலாம் என்று சொல்லும்.

அந்த மூன்றாவது தாளில் நான்கு காரியங்களைப் பார்க்க வேண்டும்: பெயர், பதிவு எண், பிரிவு, காலாவதி நாள். பிரிவு என்பது முக்கியம். பதிவுபெற்ற செவிலியர் வேறு, துணைச் செவிலியர் வேறு. இருவருக்கும் பயிற்சிக் காலமும் பொறுப்பும் வேறு. பின்பு, அதே விவரம் குழுமத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தாளைக் கொண்டுவந்தவரிடம் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. பதிவேட்டை வைத்திருப்பவரிடம் கேட்பதே சரிபார்ப்பு. வெளிநாட்டு மருத்துவமனைகள் செவிலியர் கொண்டுவரும் நகலை ஏற்காமல், குழுமத்திலிருந்தே நேராகக் கடிதம் வர வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான்.

நீலகிரிக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. நம் மாவட்டம் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக நிற்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வயநாட்டிலோ மைசூரிலோ படித்து, அந்த மாநிலத்துக் குழுமத்தில் பெயர் பதிந்து வருவார்கள். அந்தப் பதிவு உண்மையானதே. என்றாலும் தமிழ்நாட்டில் பணிசெய்ய, முந்தைய மாநிலத்தின் தடையில்லாச் சான்றோடு தமிழ்நாட்டுக் குழுமத்திலும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். மலை ஒன்றுதான், பதிவேடுகள் மூன்று.

4. புதுப்பிப்பது ஏன், எப்படி?

"ஒருமுறை படித்தது போதாதா?" என்று சிலர் கேட்கலாம். 20 ஆண்டுகளுக்கு முன் படித்தவர் கற்ற சில முறைகள் இன்று மாறிவிட்டன. தடுப்பூசி அட்டவணை மாறிவிட்டது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைத் தடுக்கும் முறை மாறிவிட்டது. ஆகவே இந்திய நர்சிங் கவுன்சில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் முறையையும், அந்தக் காலத்திற்குள் 150 மணி நேரத் தொடர்கல்வியையும் வகுத்தது. ஆண்டுக்கு 30 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இது பெரிய சுமை அல்ல. ஆனால் கடைசி ஆண்டுவரை தள்ளிப்போட்டால் மலையளவு சுமையாகிவிடும்.

நாடெங்கும் உள்ள செவிலியரை ஒரே கணினிப் பதிவேட்டில் கொண்டுவர ஒரு திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் விவரத்தைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் தேசிய அடையாள எண் ஒன்று தரப்படுகிறது. யார் எங்கே பணிசெய்கிறார், யார் ஓய்வு பெற்றார் என்று இதனால் தெரியவரும். ஒரே பெயரில் இருவர் வேலை செய்வதும் குறையும்.

இனி நடைமுறையில் வரும் இடர்ப்பாட்டைக் காண்போம். பைக்காராவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் 50 வயதுள்ள ஒரு துணைச் செவிலியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் சான்றில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. பள்ளிச் சான்றில் பெயரின் கடைசி எழுத்து ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் வேறு விதம். விண்ணப்பத்தில் கொடுக்க வேண்டிய கைப்பேசி எண் எப்போதோ மாறிவிட்டது. வீட்டருகே சிக்னல் கிடையாது. இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் அந்த அம்மாவின் பெயர் கணினியில் "பொருந்தவில்லை" என்று வரும். அவருடைய அறிவில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை. ஓர் எழுத்தில்தான் குறை. ஆனாலும் பதிவு காலாவதியானால், பதிவுபெற்ற ஊழியர் என்று மருத்துவமனை அவரைக் கணக்கில் காட்ட முடியாது. அவரோ தமது வேலையைப் பற்றிய பயத்தோடு இருப்பார்.

இதற்குப் பரிகாரம் எளியது. ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பே எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால் முதலில் ஆதாரையோ சான்றையோ உரிய அலுவலகத்தில் திருத்த வேண்டும். தொடர்கல்வி வகுப்புக்குச் சென்ற ஒவ்வொரு நாளின் சான்றையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். அந்த வகுப்பு குழுமம் ஏற்றுக்கொண்ட வகுப்புதானா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். விண்ணப்பித்ததோடு நின்றுவிடாமல், பதிவேட்டில் புதிய தேதி ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

5. பதிவேடு இல்லாத உதவியாளர்கள்

மருத்துவமனையில் செவிலியரைத் தவிர இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்டி, படுக்கை விரித்து, சோறு ஊட்டி, கழிவை அகற்றுகிற ஆயாக்களும் நர்சிங் உதவியாளர்களும் அவர்கள். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் நடந்த அவலங்களுக்குப் பின் 1987ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் அவர்களுக்கென்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பாராமல் முதியோர் இல்லம் ஒருவரை வேலைக்கு எடுக்கக் கூடாது. நோயாளியை அடித்தார், கவனியாமல் விட்டார், பொருளை எடுத்தார் என்று விசாரணையில் தெரிந்தால் அதுவும் அங்கே எழுதப்படும். தொடர்ந்து 24 மாதங்கள் ஊதியத்துக்கு அப்பணியைச் செய்யாதவர் மீண்டும் பயிற்சியோ தேர்வோ முடித்தே திரும்ப வேண்டும்.

நம் நாட்டில் திறன் பயிற்சித் திட்டங்களில் உதவியாளருக்குச் சான்று கொடுக்கிறார்கள். அது நல்லதே. ஆனால் அது திறமைக்கான சான்று. செவிலியர் பதிவு அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் ஏமாறுகின்றன. "ஆறு மாதத்தில் நர்சு ஆகலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, தேயிலை பறித்துச் சேர்த்த பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஏ.என்.எம். படிப்புக்கே 12ஆம் வகுப்புத் தேர்ச்சியும் 2 ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். ஆறு மாதச் சான்றை வைத்துக் குழுமத்தில் பெயர் பதிய முடியாது. பணம் கட்டுமுன், அந்தப் பள்ளி குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் தப்பும்.

இங்கே மறுபக்கத்தையும் நினைக்க வேண்டும். கூடலூரில் 1990ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களுக்கு அங்கேயே பயிற்சி கொடுத்து நோயாளிகளைப் பராமரிக்கச் செய்தார்கள். பணியர் மொழியில் பேசி ஒரு தாயின் பயத்தைப் போக்க அவர்களால் முடிந்தது. வெளியிலிருந்து வந்த பட்டதாரியால் அது எளிதில் கூடாது. குணமும் அன்பும் தேர்வுத் தாளில் அகப்படாது என்று நைட்டிங்கேல் அம்மையார் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அன்பு மட்டும் இருந்து மருந்தின் அளவு தெரியாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. ஃபென்விக் அம்மையார் சொன்னதும் உண்மையே. ஆகவே அன்புள்ள பிள்ளையைப் பள்ளிப் படிப்பு முடிக்கச் செய்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கு அனுப்பி, பதிவேட்டில் அவள் பெயர் ஏறும்வரை கூடவே நிற்பதுதான் இரண்டையும் சேர்க்கும் வழி.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் சபையில் செவிலியராயிருக்கிற சகோதரிகளிடம், "உங்கள் பதிவு எந்த ஆண்டுவரை இருக்கிறது?" என்று அன்போடு கேளுங்கள். இரண்டாவது, கணினி தெரிந்த வாலிபர்கள் ஒரு சனிக்கிழமை மாலை அவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்ப உதவட்டும். மூன்றாவது, நர்சிங் படிக்க விரும்பும் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்குமுன் பள்ளியின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். நான்காவது, நீங்கள் தாங்கும் மருத்துவமனை எதுவானாலும், தொடர்கல்விக்கும் புதுப்பித்தலுக்கும் வரவு செலவில் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிடத்துக்குக் கொடுப்பவர் அநேகர். இதற்குக் கொடுப்பவர் சிலர்.

கலந்து பேச:

அ. படித்த சான்றுக்கும் பதிவுச் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.

ஆ. உங்கள் ஊரில் ஆயாவாகப் பணிசெய்கிறவர்களுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள்?

இ. உங்கள் சபையிலுள்ள செவிலியரில் ஒருவருடைய பெயர் ஓர் எழுத்துப் பிழையால் பதிவேட்டில் பொருந்தாமற்போனால், அவருக்குத் துணையாக அலுவலகம் செல்ல உங்களில் யார் முன்வருவீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரை எழுதிக்கொண்டு கூட்டத்தை முடிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.