பொம்மையும் மறைந்த கையும்

'கோரலைன்' என்னும் திரைப்படம் 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹென்றி செலிக் இயக்கியது. லைக்கா என்னும் அமெரிக்கப் பட நிறுவனம் தயாரித்தது. நீல் கெய்மன் 2002இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவியது. 2024இல் அமெரிக்காவில் அதனை மீண்டும் திரையிட்டபோதும் கூட்டம் திரண்டது. இத்தனைக்கும் அது மனத்துக்கு இதமான படம் அன்று. பார்த்துவிட்டு விளக்கை அணைக்கத் தயங்கியவர்கள் நம் மன்றத்திலேயே உண்டு. அச்சுறுத்தும் ஒன்றை மக்கள் ஏன் நாடிப் போகிறார்கள்? கதை நன்றாயிருக்கிறது என்பது பாதி விடைதான். மறுபாதி, அதனைப் படம் பிடித்த முறையில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் கதை. பாழ்மாளிகை, மூடுபனி, பூட்டிய கதவு, இறந்தும் அடங்காத ஆவி இவற்றை வைத்துப் புனையும் கதைகளை மேனாட்டார் 'கோதிக்' கதைகள் என்பர். இதுவும் அவ்வகையே. கோரலைன் என்னும் சிறுமி பெற்றோருடன் புது ஊருக்குக் குடிவருகிறாள். அவர்கள் எழுத்து வேலையில் மூழ்கியவர்கள். மகளிடம் முகம் கொடுத்துப் பேசவும் நேரமில்லை. வீட்டுச் சுவரில் ஒரு சிறு கதவு. அதற்கு அப்பால் இதே வீடு, இன்னும் அழகாக. இதே அம்மா, இன்னும் அன்பாக, வாய்க்கு ருசியாகச் சமைத்து வைத்துக்கொண்டு! ஆனால் அவளுக்குக் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான்கள். அங்கேயே தங்க விரும்பினால் சிறுமியும் தன் கண்களில் பொத்தான் தைத்துக்கொள்ள வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய நமக்கு இக்கதையின் தொடக்கம் புதிதன்று. விடியுமுன் மின்ரயிலேறி இரவில் திரும்பும் தந்தையரை டோம்பிவிலி நன்கு அறியும். அந்த மற்றொரு தாயின் அழைப்பு நம்மைத் தைப்பதும் அதனால்தான்.

இனி, முறையைப் பார்ப்போம். இதனை 'ஸ்டாப் மோஷன்' என்பர். பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுப்பது. கையால் மயிரிழை நகர்த்தி மறுபடம் எடுப்பது. இப்படி 24 படங்கள் சேர்ந்தால் திரையில் ஒரு விநாடி. தனித்தனிப் படங்கள் நமக்கு ஓட்டமாகத் தோன்றுவதற்கு விழித்திரையில் பிம்பம் தங்குவதே காரணம் என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. அவ்விளக்கம் போதாது. இயக்கத்தை மூளையே கட்டிக்கொள்கிறது என்பதை மாக்ஸ் வெர்த்தைமர் 1912இல் வெளியிட்ட ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாலை மங்கலில், ஓடும் ரயிலிலிருந்து டோம்பிவிலி நிலையத்து விளக்குக் கம்பத்தைப் படமெடுத்துப் பாருங்கள். கம்பம் இழுபட்டுக் கலங்கித் தெரியும். சாதாரண சினிமாக் காமிரா ஒவ்வொரு படத்தையும் ஏறக்குறைய 1/48 விநாடி ஒளியில் எடுக்கிறது; அதற்குள் நடிகர் நகர்ந்துவிடுவதால் அவர் உருவமும் சற்றே கலங்குகிறது. பொம்மையோ படமெடுக்கும் கணத்தில் அசைவதே இல்லை. ஆகவே ஒவ்வொரு படமும் கத்திவெட்டுப் போலத் தெளிவு. ஓடுவது போலவும் இருக்கிறது, உயிருள்ளவை ஓடும் விதமாகவும் இல்லை. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் நம் கண் அதனைக் கண்டுகொள்கிறது.

இதனைக் குறையென்று கருதியவர்கள் அதைப் போக்கவும் முயன்றனர். 1981இல் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்தில், காமிரா திறந்திருக்கும்போதே பறவைநாகப் பொம்மையை இயந்திரத்தால் அசைத்து வேண்டுமென்றே கலங்கவைத்தார்கள். 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தார் பொம்மைகளை இம்முறையில் நகர்த்தும் திட்டத்தைக் கைவிட்டுக் கணினியை நாடினர். அதே 1993இல் செலிக் இயக்கிய 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' வந்தது. அதன் நாயகன் ஓர் எலும்புக்கூடு! டைனோசர் உயிரோடு இருப்பதாக நாம் நம்பவேண்டும். எலும்புக்கூட்டுக்கு அந்தத் தேவை இல்லை. அதனால் ஒருவர் உதறிய குறையே மற்றவருக்கு மூலதனமாயிற்று.

இக்கலையின் தொடக்ககாலக் கதையும் ஏறத்தாழ அப்படித்தான். லிதுவேனியாவின் கௌனாஸ் நகர அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச், கொம்பு வண்டுகளின் சண்டையைப் படம்பிடிக்க விரும்பினார். விளக்கின் சூட்டில் வண்டுகள் அசைய மறுத்தன. இறந்த வண்டுகளின் உடலில் கம்பிக் கால்களைப் பொருத்தி, 1910இல் சண்டையை நடத்தியே விட்டார். நம்மூர்க் காரரும் பின்தங்கவில்லை. தாதாசாகேப் பால்கே பட்டாணி விதை முளைவிடுவதைப் பல நாட்கள் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, அதைக் காட்டியே தம் முதற்படத்துக்குப் பணம் திரட்டினார். 1915இல் தீக்குச்சிகளையும் ஆடவைத்தார். 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த அவருடைய தாதர் வழியாகத்தான் நம்மில் பலர் அன்றாடம் ரயிலில் போய்வருகிறோம்.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மறைந்து கிடக்கும் நேரம் இருக்கிறதே, அதில்தான் மனிதனின் கை வந்து போகிறது. 1933ஆம் ஆண்டின் 'கிங் காங்' படத்தில் குரங்கின் ரோமம் ஓயாமல் சிலிர்ப்பதைக் காணலாம். பொம்மையை நகர்த்தியவர்களின் விரல் பட்ட தடம் அது. கை தெரியாது, ஆனால் கை வந்து போயிருப்பது தெரியும். பேய்க்கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு உண்டோ?

'கோரலைன்' இவ்விரகசியத்தையே கதையாக்கிவிட்டது. படம் தொடங்குகையில் ஊசிகளாலான இரு கைகள் ஒரு துணிப்பொம்மையைப் பிரிக்கின்றன. உள்ளிருப்பதைக் கொட்டி, புதிதாக அடைத்து, பொத்தான் கண் தைத்து, கோரலைனின் சாயலில் முடிக்கின்றன. இது வில்லியின் வேலை. படமெடுத்தவர்கள் செய்த வேலையும் இதுவேயன்றோ! நம் சிற்ப மரபில், பிற உறுப்புகளெல்லாம் முடிந்த பின்னரே ஸ்தபதி சிலைக்குக் கண் திறப்பார். இங்கே அது தலைகீழ்: உயிருள்ள குழந்தையின் கண்ணை மூடி, அவளைப் பொம்மையாக்கப் பார்க்கிறாள் ஒருத்தி. வேண்டியதெல்லாம் தரும் அவளுடைய அன்புக்கு, அசையாத ஒரு பிள்ளை தேவைப்படுகிறது.

கதை முடியும் தறுவாயில் அத்தாயின் உடல் கதவுக்கு அப்பால் நின்றுவிட, துண்டான ஊசிக்கை மட்டும் சாவியைத் தேடி வெளியே ஓடிவருகிறது. கல்லால் நொறுக்கப்படும்வரை அது ஓயவில்லை. படம் முழுவதும் மறைந்திருந்த கை ஒருமுறை வெளியே வந்து முகம் காட்டுவது போலிருக்கிறது அக்காட்சி.