காந்தம் ஒட்டாத விண்கல்

முதலில் ஒரு திருத்தம். போன இதழில் "காந்தம் ஒட்டினால்தான் விண்கல், ஒட்டாவிட்டால் வெறும் கல்" என்று எழுதியிருந்தேன். அது தப்பு. அதைப் படித்துவிட்டு என் பெஞ்சு நண்பன் ஒரு கருப்புக் கல்லைக் கொண்டுவந்தான். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டல. "போடா, இது ரோட்டுக் கல்லு"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.

அப்புறம்தான் யூக்ரைட் பற்றிப் படித்தேன். பெரும்பாலான விண்கற்களில் இரும்பு உலோகம் இருக்கும், காந்தம் இழுக்கும். யூக்ரைட்டில் அது கிட்டத்தட்ட கிடையாது. காரணம், அது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. தக்காணப் பீடபூமியின் பசால்ட் பாறைக்குச் சொந்தக்காரன் மாதிரி!

இதன் சொந்த ஊர் வெஸ்டா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள். சராசரி விட்டம் சுமார் 525 கி.மீ. பிறந்த புதிதில் வெஸ்டா உருகியது. கனமான இரும்பு நடுவே இறங்கிவிட்டது, மேலே பாறை மட்டும் மிஞ்சியது. அவ்வளவு சின்ன உருண்டைக்கு உருகும் சூடு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு சாட்சி நம் நாட்டிலேயே விழுந்தது. 1996 ஜூன் 20 அன்று ராஜஸ்தானில் பிப்லியா கலான் என்ற ஊரில் விழுந்த யூக்ரைட் அது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் அதில் அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு காலத்தில் இருந்த தடயத்தைக் கண்டு 1999-ல் வெளியிட்டார்கள். அது சிதையும்போது வெளிவரும் வெப்பம்தான் அடுப்பு.

சரி, கல்லில் ஊர் பேரா எழுதியிருக்கு? வெளிச்சத்தில் எழுதியிருக்கு! 1807-ல் ஓல்பர்ஸ் வெஸ்டாவைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே, 1808-ல், மொராவியாவில் ஸ்டானெர்ன் என்ற ஊரில் யூக்ரைட் கற்கள் விழுந்தன. இரண்டுக்கும் உறவு என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1970-ல் மெக்கார்டும் இன்னும் இருவரும் வெஸ்டாவிலிருந்து வரும் ஒளியின் நிறமாலையை எடுத்தார்கள். ஆய்வகத்தில் யூக்ரைட் மேல் பட்டுத் திரும்பும் ஒளியோடு ஒப்பிட்டார்கள். ஒரே இடத்தில் ஒளி குறைந்தது. பைராக்சின் என்ற கனிமத்தின் கைரேகை அது.

வெஸ்டாவின் தென்துருவத்தில் சுமார் 500 கி.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம். கிட்டத்தட்ட உடம்பு அளவுக்கே அடி வாங்கியிருக்கு! 2011-ல் டான் விண்கலம் பக்கத்திலேயே போய்ப் படம் எடுத்தது. அந்த மாதிரி மோதலில் தெறித்த துண்டுகள்தான் சுற்றிச் சுற்றி இங்கே வந்து விழுகின்றன.

யூக்ரைட்டின் மேல்தோல் பளபளக்கும் கருப்பு. உடைத்தால் உள்ளே வெளிர் சாம்பல். நண்பனிடம் அந்தக் கல்லைத் திரும்பக் கேட்டேன். அன்னைக்கு சாயங்காலமே வாய்க்கால்ல வீசிட்டானாம். அது ரோட்டுக் கல்லாகவே இருந்திருக்கலாம். ஆனா உள்ளே என்ன நிறம்னு நான் பார்க்கவே இல்ல.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு