டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவா?

"டி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்று தாளில் உள்ளது. நீங்களோ தைராய்டு குறைவு என்கிறீர்களே?" எனப் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான ஐயமே.

பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரீனல் முதலிய நாளமில்லாச் சுரப்பிகள் தாம் சுரக்கும் ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரக்கும் தைராக்சின், உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குடலியக்கம், மாதவிடாய், கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி ஆகியவற்றுக்கு இன்றியமையாதது.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராக்சின் குறைந்தால் கட்டளை உரக்க ஒலிக்கும். போதிய அளவு கிடைத்தால் அடங்கும். எண் கூடியிருப்பது, தைராய்டு தளர்ந்துள்ளதையே பெரும்பாலும் காட்டுகிறது.

மாத்திரை தொடங்கிய பத்தாம் நாளே மறுபரிசோதனை செய்து மனம் சோர்வோர் உளர். தைராக்சின் இரத்தத்தில் நிலைபெற்று, பிட்யூட்டரியும் அதற்கேற்ப அடங்க 6 முதல் 8 வாரங்கள் ஆகும். எண் சரியானதும் "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுவதைக் கண்டே நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். எண்ணைச் சரியாக்கியது அம்மாத்திரைதான். கருவுற்றோர் அதை நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் சிசு தாயின் தைராக்சினையே நம்பியிருப்பதால், கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரைக் காண வேண்டும். பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட நேரிடும்.

ஓசூர், சூளகிரி ஆலைகளில் இரவுப் பணி செய்வோருக்கு "காலையில் வெறும் வயிற்றில்" என்பது கடினமே. கடிகாரத்தைவிட வயிறு காலியாக இருப்பதே முக்கியம். கடைசி உணவுக்கு 3 மணி நேரம் கழித்து, உறங்கப் போகுமுன் வெறும் தண்ணீரில் விழுங்கலாம். எவ்வேளை தமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்க. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

நம் பகுதி வயல்களில் விளையும் முட்டைக்கோஸை ஒதுக்க வேண்டியதில்லை; வேகவைத்து அளவோடு உண்ணலாம். உப்பு வாங்கும்போது உறையில் அயோடின் சேர்த்தது என்ற குறிப்பு உள்ளதா எனப் பாருங்கள். 1956இல் இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், அயோடின் சேர்த்த உப்பை உண்ட ஊர்களில் கழுத்துக்கழலை வெகுவாகக் குறைந்தது. ஆயினும், தைராய்டு ஏற்கெனவே தளர்ந்துவிட்டவர்களுக்கு அந்த உப்பு மாத்திரைக்கு ஈடாகாது.