இயந்திரத்தோடு அதன் வயதும் போக வேண்டும்

நம்பிக்கை: இயந்திரம் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், புத்தக மதிப்பை மட்டும் புதிய லெட்ஜருக்கு மாற்றினால் போதும்.

உண்மை: போதாது. நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஒரு கோவை கம்பெனி 2021 ஏப்ரல் 1 அன்று 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு லேத் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி பொதுவான இயந்திரத்துக்கு ஆயுள் 15 ஆண்டு. எஞ்சும் மதிப்பை 5 சதவீதம் என்று எடுத்தால், நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் 63,333 ரூபாய். மூன்று ஆண்டில் 1,90,000 கழிந்து, புத்தகத்தில் நிற்பது 8,10,000.

அந்த 8,10,000-க்கு மட்டும் ஒரு ஜர்னல் போட்டு, இரண்டாவது யூனிட்டில் புதுச் சொத்தாக ஏற்றிவிடுகிறார்கள். மென்பொருளுக்கு அது புது இயந்திரம். மறுபடி 15 ஆண்டு ஓடத் தொடங்கும். தேய்மானம் ஆண்டுக்கு 51,300 ஆகச் சுருங்கும். பன்னிரண்டாயிரம் ரூபாய் லாபம் எங்கிருந்தோ முளைக்கும். பழைய யூனிட்டிலிருந்து 10 லட்சம் அசல் விலை, 1,90,000 தேய்மானம் இரண்டையும் தனித்தனியாக எடுத்து, புதிய யூனிட்டில் அப்படியே ஏற்ற வேண்டும். வாங்கிய தேதியைத் தொடக்கூடாது.

நம்பிக்கை: நம் கிளைக்குத்தானே அனுப்புகிறோம், ஜிஎஸ்டி எதற்கு?

உண்மை: அதே ஜிஎஸ்டி எண்ணில் கோவையிலிருந்து சென்னைக்குப் போனால் டெலிவரி சலானும், மதிப்பு வரம்பைத் தாண்டினால் இ-வே பில்லும் போதும், வரி இல்லை. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக் கிளைக்குப் போனால் கதை வேறு. கேரளப் பதிவு தனி என்பதால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இரண்டு பேர். பணம் கைமாறாவிட்டாலும் அது சப்ளை. டாக்ஸ் இன்வாய்ஸ் வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். ஆனால் இன்வாய்ஸில் போடும் மதிப்பு வரிக்கு மட்டுமே. கம்பெனி ஒன்றுதான், ஆகவே அசல் விலை மாறாது, லாப நஷ்டமும் வராது.

நம்பிக்கை: இரண்டு கம்பெனியும் நம் குடும்பத்துடையது, மாற்றி எழுதினால் முடிந்தது.

உண்மை: முதலாளி ஒருவரானாலும் கம்பெனிகள் இரண்டு. அது விற்பனை. விற்றவருக்கு லாபமோ நஷ்டமோ உண்டு. வாங்கியவருக்கு வாங்கிய விலையே அசல் விலை.

நம்பிக்கை: பழைய பர்ச்சேஸ் என்ட்ரியைத் திறந்து லெட்ஜர் பெயரை மாற்றிவிடலாம்.

உண்மை: 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும், அந்த வசதியை அணைக்கவும் முடியக்கூடாது. முடிந்துபோன ஆண்டின் என்ட்ரியில் கைவைத்தால், ஆடிட் முடிந்த தேய்மானமும் ஐந்தொகையும் குலையும். மாற்றம் நடந்த தேதியில் புது என்ட்ரி போடுவதே முறை.

ஒரே கட்டடத்தில் மாடி மாறினாலும் சொத்துப் பதிவேட்டில் இடத்தைத் திருத்துங்கள். எது எங்கே இருக்கிறது என்று பதிவேடு காட்டுகிறதா என்பதை, கம்பெனி தணிக்கை உத்தரவுக்கு உட்பட்ட கம்பெனிகளில் ஆடிட்டர் எழுதியே ஆக வேண்டும். லாரியில் ஏற்றும் அன்றே வாங்கிய தேதி, அசல் விலை, சேர்ந்த தேய்மானம் மூன்றையும் சலான் நகலில் எழுதி, அந்தப் பக்கத்துக் கணக்கருக்கு அனுப்பிவிடுங்கள்.