இறங்காத படங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லைட்ரூம் கிளாசிக்கில் படங்களை இம்போர்ட் செய்யும்போது, இந்தக் கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றால், பலர் வாயிலும் முதலில் வருவது ‘கார்டு கரப்ட்’ என்பதுதான். அடுத்து கை ஃபார்மேட்டுக்குப் போகிறது. ஒரு முகூர்த்தத்தின் படங்கள் மொத்தமாகப் போவது அந்த இரண்டாவது படியில். இம்போர்ட் நின்றுவிட்டது என்பதாலேயே படம் அழிந்துவிடவில்லை. கார்டு, ரீடர், கேபிள், ஃபோல்டர், மென்பொருள் என்று நீளும் வழியில் எங்கோ ஒரு தடை இருக்கிறது. அது எங்கே என்று தெரியும்வரை கார்டின் மேல் எதையும் எழுதக் கூடாது.

நம்பிக்கை: ‘படிக்க முடியவில்லை’ என்றால் கோப்பு கெட்டுவிட்டது.

படங்கள் போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாவிட்டாலும் இதே செய்தி வரும். விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகும், வேறு கணினியில் இருந்த ஹார்டு டிஸ்க்கை மாட்டிய பிறகும் இது அடிக்கடி நடக்கிறது. ஃபோல்டரின் உரிமை பழைய பயனர் பெயரிலேயே தங்கிவிடுகிறது. விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த ஃபோல்டர் பாதுகாப்பு வசதியை யாராவது இயக்கி வைத்திருந்தால், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் லைட்ரூமையே அது எழுத விடாமல் தடுக்கலாம். வேறொரு டிரைவில் புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து அதற்குள் இம்போர்ட் செய்து பாருங்கள். இறங்கினால் படத்தில் குறையில்லை, அனுமதியைச் சரிசெய்தால் போதும்.

நம்பிக்கை: முன்பு திறந்த மென்பொருள் புது கேமராவின் படத்தையும் திறக்கும்.

ரா கோப்பின் உள்ளமைப்பு கேமராவுக்குக் கேமரா மாறும். கேனன் 2018-இல் எம்50 கேமராவுடன் சிஆர்3 வடிவத்தைக் கொண்டுவந்தது. ஒருமுறை பணம் கட்டி வாங்கும்படி இருந்த லைட்ரூம் 6-க்கோ 2017 டிசம்பரோடு புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. எனவே அது சிஆர்3-ஐ அடையாளம் காணாது. கோப்பின் பின்னொட்டை மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாறுமே தவிர உள்ளே இருப்பது மாறாது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வர்ட்டரில் போட்டு மாற்றினால் பழைய லைட்ரூமிலும் திறக்கலாம்.

நம்பிக்கை: சின்னப் படம் தெரிகிறது, அதனால் கோப்பு நன்றாக இருக்கிறது.

இதைத்தான் நிறைய விளக்க வேண்டியிருக்கிறது. அநேகமாக ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமராவே தயாரித்த ஒரு ஜேபெக் படம் ஒளிந்திருக்கிறது. கேமராவின் திரையிலும் விண்டோஸ் ஃபோல்டரிலும் இம்போர்ட் பலகையிலும் நாம் முதலில் பார்ப்பது அதைத்தான். சென்சார் பதிவு செய்த உண்மையான தரவு தனியே இருக்கிறது. லைட்ரூம் அதைப் பிறகுதான் பிரித்துப் பார்க்கிறது. அதனால்தான் முதலில் அழகாகத் தெரிந்த மணமகள் முகம், சில வினாடிகளில் பாதிக்குக் கீழே ஊதா நிறப் பட்டைகளாகவோ, இடம் பெயர்ந்த துண்டுகளாகவோ மாறிவிடுகிறது. ‘லைட்ரூம் என் படத்தைக் கெடுத்துவிட்டது’ என்று பழி போடுகிறார்கள். அது ஏற்கனவே இருந்த சேதத்தைக் காட்டியது, அவ்வளவுதான்.

சேதம் கார்டிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தளர்ந்த ரீடர், பழுதான கேபிள், கணினியின் ராம், ஹார்டு டிஸ்க் என எதுவும் நகலெடுக்கும் வழியில் தரவைக் குலைக்கலாம். அதே படத்தை வேறு ரீடர் வழியாக, முடிந்தால் வேறு கணினியில், மறுபடி நகலெடுத்துத் திறந்து பாருங்கள். இந்த முறை முழுதாக வந்தால் கார்டில் உள்ள மூலம் பத்திரமாக இருக்கிறது, மாற்ற வேண்டியது ரீடரைத்தான். கார்டை அதற்குள் ஃபார்மேட் செய்திருந்தால் இந்தச் சோதனைக்கே வழியில்லை.

நம்பிக்கை: பாதிப் படங்களை லைட்ரூம் விழுங்கிவிட்டது.

கேமராவை ரா, ஜேபெக் இரண்டும் பதியும்படி வைத்திருந்தால், லைட்ரூம் அந்த இணையை ஒரே படமாகக் காட்டும். ஜேபெக்கைத் தனிப்படமாகக் கருதும்படி அமைப்பில் டிக் செய்தால்தான் இரண்டும் தனித்தனியே வரும். இம்போர்ட் பலகையில் படங்கள் மங்கிப்போய்த் தேர்வு செய்ய முடியாமல் இருந்தால், அவை ஏற்கனவே கேட்டலாக்கில் பதிவாகியிருக்கின்றன என்று பொருள். மூலக் கோப்புப் பெயர், எடுத்த நேரம், கோப்பின் அளவு மூன்றையும் ஒப்பிட்டுத்தான் லைட்ரூம் அப்படி முடிவு செய்கிறது. எல்லாப் படங்களும் என்ற பகுதியில் தேடினால் பெரும்பாலும் வேறு ஃபோல்டரில் கிடைத்துவிடும்.

நம்பிக்கை: புது கேட்டலாக் தொடங்கினால் எல்லாம் சரியாகும்.

அனுமதிச் சிக்கலும் ரீடர் பழுதும் புது கேட்டலாக்கிலும் அப்படியே தொடரும். கேட்டலாக் என்பது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். அதில் படங்கள் இல்லை. அவை இருக்கும் இடமும், நீங்கள் செய்த திருத்தங்களும், கொடுத்த நட்சத்திரங்களும் இருக்கின்றன. பழையதைத் தூக்கிப் போட்டால் பல வருட உழைப்பு போகும்.

நம்பிக்கை: ஃபார்மேட் செய்யச் சொல்லி கணினியே கேட்கிறது, செய்துவிடலாம்.

செய்யாதீர்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளைப் பழைய ரீடர்கள் பல புரிந்துகொள்வதில்லை. அப்போதும் இந்தக் கேள்வி வரும். கார்டைக் கேமராவிலேயே வைத்து, யூஎஸ்பி வழியாக இணைத்துப் பாருங்கள். தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டாலும் பெரும்பாலான நேரங்களில் அழிவது கோப்புப் பட்டியல்தான், படத்தின் தரவு அடியில் இருக்கும். அந்தக் கார்டில் ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காமல், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு வேறொரு டிஸ்க்கில் மீட்டெடுங்கள். கோப்புப் பெயர்கள் போய்விடும், படங்கள் பெரும்பாலும் வரும்.

எல்லாம் சரியாக இறங்கியது என்று லைட்ரூம் சொன்ன பிறகும் கார்டைக் காலி செய்ய அவசரம் வேண்டாம். இம்போர்ட் பலகையிலேயே ஒன்றுக்கு ஒன்று அளவு முன்னோட்டத்தைத் தேர்ந்துவிடுங்கள். அதற்காக லைட்ரூம் ஒவ்வொரு ரா கோப்பையும் முழுதாகப் பிரித்தாக வேண்டும், கெட்டது எதுவானாலும் அங்கே பட்டைபட்டையாகத் தெரிந்துவிடும். ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்து, இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகலும் எடுத்த பிறகு, கார்டைக் கேமராவில் போட்டு அங்கேயே ஃபார்மேட் செய்யலாம்.