படவிளக்கமும் ஒரு நிபந்தனையும்

பத்திரிகைப் பக்கத்தில் படத்தின் கீழ் இடுவதற்கு வாசகம் வந்து சேரவில்லையென்றால், அச்சுக்கோப்பவர் அந்த இடத்தைச் சூனியமாக விட்டுவைக்க மாட்டார். அடுத்த பத்தியை மேலே ஏற்றிக் கோத்துவிடுவார். அவர் கண்ணால் பார்த்துச் செய்துவந்த இந்தச் சிறிய காரியத்தை, இணையதளத்தின் டெம்ப்ளேட்டுக்கு நாம்தாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் விளைவது யாதென்பதை, உள்ளூர்ச் சரித்திரக் கட்டுரைகளுக்காக வேர்டுபிரஸில் ஒரு தளம் அமைத்தபோது பிரத்தியட்சமாகக் கண்டேன்: விளக்கம் எழுதப்பெறாத ஒவ்வொரு சிறப்புப் படத்தின் கீழும், சாம்பல் நிறப் பட்டை ஒன்று, எழுத மறந்த சிலேட்டுப் பலகையைப்போல வெறுமையாக நின்றது.

விளக்கத்தைப் படத்தின் கீழ் இட வழிகள் சில உண்டு. அவற்றுள் எது தக்கதென்று தீர்மானிக்குமுன், படவிளக்கம் எங்கே குடியிருக்கிறது என்பதை அறிவது அவசியம். வேர்டுபிரஸில் ஏற்றப்படும் ஒவ்வொரு படமும், கட்டுரைகள் தங்கியிருக்கும் அதே அட்டவணையில் தனி வரிசையாகப் பதிவாகிறது. கட்டுரையின் சுருக்கத்துக்கென ஏற்பட்ட பத்தியிலேதான் படத்தின் விளக்கம் சேமிக்கப்படுகிறது. கண் தெரியாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் மாற்று உரையோ வேறிடத்தில் இருக்கிறது. விளக்கம் இல்லாதபோது மாற்று உரையையே எடுத்துப் படத்தின் கீழ் இட்டுவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது எனக்குச் சம்மதமில்லை. திரைவாசிப்பான் ஒரே வாசகத்தை இருமுறை படிக்கும் சங்கடத்தைத் தவிர அதனால் விளையும் பிரயோஜனம் ஒன்றுமில்லை.

முதல் வழி, விளக்கத்துக்குரிய ஃபிக்கேப்ஷன் குறியைத் திறந்து, அதற்குள் ‘தி போஸ்ட் தம்ப்நெயில் கேப்ஷன்’ என்னும் ஃபங்ஷனை அழைத்து, குறியை மூடிவிடுவது. 2016-இல் வெளிவந்த 4.6 பதிப்பில் இந்த ஃபங்ஷன் சேர்ந்ததும், படத்தின் பதிவைத் தேடி எடுத்துச் சுருக்கப் பத்தியைத் துழாவும் பழைய சிரமம் ஒழிந்தது. ஆயினும் குறி எப்போதும் அச்சாகிறது. உள்ளே வாசகம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? என் சாம்பல் பட்டையின் உற்பத்தி ஸ்தானம் இதுவே.

இரண்டாவது, அந்தக் காலிக் குறியை அப்படியே விட்டு, சிஎஸ்எஸ்ஸின் ‘எம்ப்டி’ என்னும் தேர்வியால் மறைப்பது. ஒரே வரியில் முடிகிற காரியமாகத் தோன்றுவதால் மனம் இதையே முதலில் நாடுகிறது. ஆனால் குறி திறந்தபின் அடுத்த வரியில், அழகுக்காகச் சற்று உள்தள்ளி ஃபங்ஷனை எழுதியிருந்தால், அந்த வரி முறிவும் இடைவெளியும் குறிக்குள் தங்கிவிட, உலாவி அதைக் காலியென்று ஒப்புக்கொள்வதில்லை. தீமின் கோப்புகளைத் தொட அனுமதியில்லாத இடத்தில் தற்காலிக நிவாரணமாக இதைக் கொள்ளலாமேயன்றி, நிரந்தரமாக நம்பலாகாது.

மூன்றாவது வழியே என் அபிப்பிராயத்தில் உத்தமமானது. ‘தி’ என்று தொடங்கும் ஃபங்ஷன் தானே அச்சிட்டுவிடும். ‘கெட் தி’ என்று தொடங்கும் அதன் சகோதரமோ வாசகத்தை நம் கையில் கொடுத்துவிட்டு மௌனமாக நிற்கும். அவ்வாறு பெற்றதை ஒரு மாறியில் வைத்து, ‘ட்ரிம்’ கொண்டு ஓரத்து இடைவெளிகளைக் களைந்து, எஞ்சியது ஏதேனும் உண்டா என்று ‘இஃப்’ நிபந்தனையால் வினவி, உண்டென்றால் மாத்திரமே ஃபிக்கேப்ஷன் குறியைத் திறக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் அவசரத்தில் ‘தி’ ஃபங்ஷனையே நிபந்தனைக்குள் வைத்துவிடுவதுண்டு. அது வாசகத்தை அந்த இடத்திலேயே கொட்டிவிட்டு வெறுங்கையைத் திருப்பித் தருவதால், நிபந்தனை ஒருநாளும் பலிப்பதில்லை. படமே இல்லாத இடுகையில் ‘கெட்’ வகை வெறும் சரத்தையே தருமாதலால் அங்கும் பிழை நேராது. அச்சிடும்போது ‘டபிள்யூபி கேசெஸ் போஸ்ட்’ வழியாக வடிகட்டினால், புகைப்படக்காரரின் பக்கத்துக்கு விளக்கத்தில் இட்ட இணைப்பு பிழைத்திருக்கும். முழுவதையும் வெறும் எழுத்தாக மாற்றும் ஃபங்ஷனைப் பிரயோகித்தால் அந்த இணைப்பின் குறிகளே வாசகர் கண்ணில் படும். வேர்டுபிரஸுடன் வந்த ட்வென்டி ட்வென்டி தீமிலும் விளக்கத்தை மாறியில் ஏந்தி, நிபந்தனை கேட்டே குறியைத் திறக்கிறார்கள். பாடமாக வைத்துக்கொள்ள அது போதும். பிறர் இயற்றிய தீமானால் சைல்டு தீம் ஒன்று அமைத்து அதில் எழுதுவது அத்தியாவசியம். இல்லையேல் அடுத்த புதுப்பிப்பில் உழைப்பு முழுவதும் அழியும்.

2022-இல் 5.9 பதிப்போடு வந்த பிளாக் தீம்களில் இவ்வழி செல்லாது. அவற்றின் டெம்ப்ளேட்டுகள் வெறும் ஹெச்டிஎம்எல். பிஎச்பி நிபந்தனை எழுத அங்கே இடமில்லை. ஆகவே சிறப்புப் படத்தின் பிளாக் அச்சாகும் தறுவாயில் அதை ‘ரெண்டர் பிளாக்’ ஃபில்டரால் இடைமறித்து, விளக்கம் இருந்தால் மட்டும் ஃபிகர் குறி மூடுவதற்கு முன்னால் செருக வேண்டும். தனிக் கட்டுரைப் பக்கம்தானா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட்டால், அதே பக்கத்தின் அடியில் வரும் தொடர்புள்ள கட்டுரைகளின் சிறு படங்களிலும் விளக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கட்டுரைக்காக அந்தப் பிளாக் அச்சாகிறது என்பதையும் சேர்த்துச் சோதிப்பது நலம். கட்டுரையின் நடுவே பிளாக்காக இடும் படங்களின் சமாசாரம் வேறு: அவற்றின் விளக்கம் கட்டுரைக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுவதால், ஊடக நூலகத்தில் பின்னால் செய்யும் திருத்தம் அங்கே எட்டாது.

எவ்வழியைக் கைக்கொண்டாலும், தளத்தை ஊராருக்குத் திறக்குமுன் நான்கு இடுகைகளைப் பார்த்துவிடுங்கள்: விளக்கமுள்ள படம் ஒன்று, விளக்கமில்லாத படம் ஒன்று, படமே இல்லாதது ஒன்று, விளக்கப் பெட்டியில் யாரோ ஒற்றை இடைவெளியைத் தட்டிவிட்டுப் போனது ஒன்று. என் தளத்தில் கடைசிப் பட்டை மறைந்தது இந்த நான்காவதைச் சோதித்த பிறகுதான்.